சிரித்தவரும் கூட்டாளிதான்!



மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நமக்கு இரண்டு பக்கம் போதவில்லை. டெல்லி ஒரு பக்கம் இடிக்கிறது, சென்னை மறுபக்கம் இடிக்கிறது. மாநகராட்சி அடியிலிருந்து இடிக்கிறது, ஆன்லைன் கம்பெனி தலைக்கு மேலே நின்று இடிக்கிறது. மத்தளமாவது இடி வாங்கினால் சத்தம் போடும். வியாபாரி இத்தனையும் வாங்கிக்கொண்டு, "வாங்க, என்ன வேணும்?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிறான்.

அந்தச் சிரிப்பு வாடிக்கையாளருக்கு. நம்மிடம் இன்னொரு சிரிப்பும் உண்டு. மதியம் கூட்டம் குறைந்த பிறகு, நாலு வியாபாரிகள் மூட்டை மேல் உட்கார்ந்து, ஆள்பவர்களைப் பற்றிச் சிரிக்கும் சிரிப்பு. "இங்கே அரசியல் பேசாதீர்" என்ற போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அந்தச் சிரிப்பு சிரிக்கப்படுகிறது. பல ஆண்டுகளாகப் பருப்பு மண்டியில் இருக்கிறேன். ஆட்சியாளருக்கு நாம் எழுதிய மனுக்களைவிட அந்த மூட்டை மேல் பிறந்த கேலிகள்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருக்கின்றன என்பது என் கருத்து. ஆனால் கேலியைத் துணிந்து மேடையில் சொன்னவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

மேடையில் சண்டை, பில்லில் கூட்டணி

"மத்திய அரசு" என்று சொல்வதா, "ஒன்றிய அரசு" என்று சொல்வதா என்று 2021-இல் ஒரு பெரிய விவாதம் நடந்தது. தொலைக்காட்சியில் நாள்தோறும் நாலு பேர் உட்கார்ந்து அடித்துக்கொண்டார்கள். நம் பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்து சதவீத வரியில் சி.ஜி.எஸ்.டி. இரண்டரை, எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டரை. மத்திய என்று சொன்னாலும் இரண்டரை, ஒன்றிய என்று சொன்னாலும் இரண்டரை. பேரில்தான் தகராறு, பங்கில் தகராறு இல்லை. பில்லில் அண்ணன் தம்பியாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள், மேடையில் பங்காளிச் சண்டை போடுகிறார்கள்!

வரி ஏறும்போது சென்னையில் கேட்டால் "டெல்லி போட்டது" என்கிறார்கள். டெல்லியில் கேட்டால் "எல்லா மாநிலமும் சேர்ந்து எடுத்த முடிவு" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நாலில் மூன்று பங்கு சேர்ந்தால்தான் முடிவு. அதாவது இவர் இல்லாமல் அவரால் முடியாது, அவர் இல்லாமல் இவரால் முடியாது. அங்கே கை தூக்குகிறார்கள், இங்கே வந்து கை விரிக்கிறார்கள். அதே இரண்டு கைதான்.

2022-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் ஐந்து சதவீதம் வந்தது. 25 கிலோ வரைதான் வரி, அதற்கு மேல் இல்லை. மறு வாரமே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. சின்னப் பாக்கெட் வாங்குபவருக்கு எந்த வழியும் செய்யாத சட்டம், 26 கிலோ தூக்கத் திராணி உள்ளவருக்கு வரி விலக்கு கொடுத்தது. எங்கள் மண்டிக்கு வரும் சில்லறை வியாபாரி ஒருவர் மூட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒரு கிலோ கூடுனா வரி போயிருமா? அப்ப எனக்கும் ஒரு கிலோ கூடிட்டா வருமான வரி போயிருமா?" இந்த ஒரு கேள்வியில் உள்ள நியாயத்தை ஆடிட்டர் எழுதிக் கொடுத்தால் எட்டுப் பக்கம் வரும். யாரும் படிக்க மாட்டார்கள்.

தேங்காய் எண்ணெய்க் கதை இன்னும் பெரிது. சின்னப் பாட்டிலில் அடைத்த தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? சமையலுக்கு என்றால் ஒரு வரி, தலைக்கு என்றால் வேறு வரி என்று இருந்தது. கலால் வரிக் காலத்தில் சேலத்துச் சரகத்தில் கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2018-இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து 2024 டிசம்பர் 18-ஆம் தேதி, அது சமையல் எண்ணெய்தான் என்று முடித்தார்கள். என் பாட்டி ஒரே கிண்ணத்திலிருந்து தாளித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தேய்த்துக்கொள்வாள். அவள் உயிரோடு இருந்திருந்தால் எத்தனை சதவீதம் கட்டியிருப்பாளோ!

தேர்தல் வந்தால் தமாஷ் தெருவுக்கே வந்துவிடும். 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடிக்கும். கொள்முதலுக்குப் போகிறவன் மடியில் இருக்கிற பணம் கருவூலத்துக்குப் போகும். அவன் சிட்டையும் பில்லும் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடப்பான். அதே தமிழ்நாட்டில், வாக்காளருக்குப் பணம் கொடுத்த புகாரில் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்த வேண்டியதாயிற்று. மிளகாய் வாங்கப் போனவன் பணம் செக்போஸ்டில் சிக்குகிறது. ஓட்டு வாங்கப் போகிற பணம் வீடு தேடி, வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணிப் போய்ச் சேருகிறது. அவ்வளவு ஒழுங்கான டெலிவரி நம்மில் எவரிடமாவது உண்டா?

பரோட்டாவும் பாப்கார்னும் பன்னும்

"சிரித்து என்ன ஆகப்போகிறது? பொழுது போகும், அவ்வளவுதானே?" என்று கேட்பவர்களுக்கு மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

2020-இல் கர்நாடகத்து வரி ஆணையம் ஒன்று, பாக்கெட்டில் வரும் பரோட்டா வேறு, சப்பாத்தி வேறு என்று கண்டுபிடித்தது. சப்பாத்திக்கு 5, பரோட்டாவுக்கு 18. நாடு முழுக்கச் சிரித்தது.

2024 டிசம்பர் 21-ஆம் தேதி ஜெய்சால்மரில் கவுன்சில் கூடி, பாப்கார்னுக்கு விளக்கம் கொடுத்தது. உப்புப் போட்டு உதிரியாகக் கொடுத்தால் 5, பாக்கெட்டில் லேபிளோடு கொடுத்தால் 12, சர்க்கரைப் பாகு சேர்த்தால் 18. சோளம் ஒன்று, வரி மூன்று. அதற்கும் நாடு சிரித்தது.

இரண்டுக்கும் நடுவில், 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி கோவை கொடிசியாவில் நடந்ததுதான் நமக்கு மிக நெருக்கமானது. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால், அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் அவர்கள் எழுந்து பேசினார். இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு ஒரு வரி, பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்றார். வாடிக்கையாளர் "பன்னைத் தனியாகக் கொடு, கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன்" என்கிறார் என்றார். ஒரு குடும்பம் வந்து சாப்பிட்டால் பில் போட முடியாமல் கம்ப்யூட்டரே திணறுகிறது என்றார். மண்டபம் குலுங்கியது. கோபமாக ஒரு சொல் இல்லை. கொங்குத் தமிழில், மரியாதையாக, ஒரு ஓட்டல்காரர் தன் கல்லாவில் நடப்பதைச் சொன்னார்.

இதன் பிறகு என்ன ஆயிற்று? 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கவுன்சில் கூடியது. 22-ஆம் தேதி முதல் புது வரி வந்தது. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் வரியே இல்லை. கேக், பிஸ்கட் போன்ற பேக்கரிப் பண்டங்கள் 18-லிருந்து 5. மிக்சர், பூந்தி போன்ற பாக்கெட் காரவகைகள் 12-லிருந்து 5. இனிப்பு பாப்கார்னும் 5.

சிரிப்பால் மட்டுமே வரி குறைந்தது என்று நான் சொல்லவில்லை. சங்கங்கள் கொடுத்த மனுக்கள் உண்டு, அதிகாரிகளின் கணக்கு உண்டு, அரசியல் கணக்கும் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். "வகைப்பாட்டு முரண்பாடுகளைக் களைய வேண்டும்" என்று நாம் எத்தனையோ மாநாடுகளில் தீர்மானம் போட்டோம். அது நம் மினிட் புத்தகத்தோடு நின்றது. பன்னும் கிரீமும் வீட்டுக்கு வீடு போய், பஸ்ஸில் போகிறவர் வரை புரிந்துகொண்டார். தீர்மானம் வியாபாரிக்கு மட்டும் புரியும். கேலி வாடிக்கையாளருக்கும் புரியும். ஓட்டுப் போடுகிறவர் வாடிக்கையாளர் என்பதால் ஆள்பவருக்கும் சீக்கிரம் புரிந்துவிடும்.

தாங்க முடியாதவர்கள் யார்?

கோவையில் அடுத்து நடந்தது தெரிந்ததே. பேசிய மறுநாள் அவர் நிதியமைச்சரை ஓட்டல் அறை ஒன்றில் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் காட்சி வீடியோவாக வெளியே வந்தது. நாடு கொதித்தது. வீடியோ வெளியானதற்கு பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை வருத்தம் தெரிவித்தார். ராகுல் காந்தியும் மு.க. ஸ்டாலினும் கண்டித்தார்கள். வியாபாரியின் சுயமரியாதைக்காக எல்லாக் கட்சியும் கண்ணீர் விட்ட நாள் அது. கண்ணீருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது அல்லவா!

ஆனால் கேலியைத் தாங்காத விஷயத்தில் எந்தக் கட்சிக்கும் தனி ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது. பழைய பேரேட்டைப் புரட்டுவோம்.

1975-இல் காங்கிரஸ் ஆட்சி நெருக்கடி நிலை கொண்டுவந்தபோது, சோவின் "துக்ளக்" கறுப்பு அட்டையோடு வந்தது. ஒரு எழுத்தும் சொல்ல முடியாத சேதியைக் கறுப்பு மை சொன்னது. 1987-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக "ஆனந்த விகடன்" ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கை செல்லாது என்றது. 2012-இல் மம்தா பானர்ஜியைக் கேலி செய்த படத்தை அனுப்பியதற்காகக் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர் கைதானார். வழக்கிலிருந்து அவர் விடுபட 2023 ஆயிற்று. அதே 2012-இல் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர், அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானார். நம்மைப் போல வியாபாரம் செய்து பிழைப்பவர். அவரைப் பிடிக்கப் பயன்பட்ட 66-ஏ சட்டப் பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2017-இல் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை வைத்துக் கேலிச்சித்திரம் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலா, எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் கைதானார். கந்துவட்டிக்காரனைப் பிடிப்பதைவிடக் கார்ட்டூன்காரனைப் பிடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அந்தப் படத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் தளம் திறந்தது.

காங்கிரஸ், அ.தி.மு.க., திரிணாமுல், பா.ஜ.க. என்று பட்டியல் நீளுகிறது. எந்த ஆட்சி வந்தாலும் முகநூலில் எழுதியவர் வீட்டுக் கதவை விடியற்காலையில் தட்டுகிற வழக்கம் போகவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கருத்துச் சுதந்திரம் மொத்த வியாபாரம். ஆளுங்கட்சி ஆனதும் சில்லறைகூடக் கிடையாது, ஸ்டாக் இல்லை!

முத்திரை வைத்த தராசு

ஆகவே துணிந்து கேலி செய்யுங்கள் என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நமக்கு லைசென்ஸ் இருக்கிறது, கடன் இருக்கிறது, வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேலிக்கும் ஒரு தராசு வேண்டும்.

முதலில், பில் கையில் இருக்க வேண்டும். கோவையில் சொன்னது எடுபட்டதற்குக் காரணம், அது ஓட்டல்காரர் நாள்தோறும் போடும் பில். கேள்விப்பட்டதை வைத்துக் கேலி செய்தால் அது வதந்தி. வாட்ஸப்பில் வருகிற சரக்கில் பாதிக்குக் கொள்முதல் பில்லே கிடையாது. அதை நாம் மறுவிற்பனை செய்யக் கூடாது.

இரண்டாவது, தட்டு இரண்டும் சமமாக இருக்க வேண்டும். டெல்லியை மட்டும் கேலி செய்து சென்னைக்கு மாலை போடுகிறவரும், சென்னையை மட்டும் கேலி செய்து டெல்லிக்குக் காவடி எடுக்கிறவரும் வியாபாரி அல்லர், கட்சிக்காரர். நாம் ஓட்டுப் போட்ட கட்சியை ஒரு குத்துக் குத்திவிட்டு மற்றக் கட்சிக்குப் போனால், கேட்கிறவருக்கு நம் தராசின் மேல் நம்பிக்கை வரும்.

மூன்றாவது, சரக்கைப் பற்றிப் பேசலாம், ஆளின் உடம்பைப் பற்றி, சாதியைப் பற்றி, வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசக் கூடாது. நம் அரசியல் மேடைகளில் நகைச்சுவை என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கலப்படச் சரக்குதான். அதற்குக் கைதட்டு கிடைக்கும், வரி குறையாது. கீழே உட்கார்ந்திருக்கும் அதிகாரியையும் விட்டுவிடுங்கள். சட்டம் போட்டவர் அவர் அல்லர், பாவம், அவருக்கே அது புரியாமல்தான் நம்மிடம் விளக்கம் கேட்கிறார்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்தக் கேலி முத்திரை வைத்த எடைக்கல். அதை வைத்து எந்த மந்திரி முன்னாலும் நிறுக்கலாம்.

தனியாக விடலாமா?

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். கொடிசியா மண்டபத்தில் அன்று சிரித்தவர்கள் எத்தனை பேர்? தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்த வியாபாரிகள் எத்தனை பேர்? அந்தப் பேச்சைத் தன் செல்போனில் பத்துப் பேருக்கு அனுப்பாத மளிகைக் கடைக்காரர் தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் மறுநாள் அந்த அறைக்குள் நடந்த வீடியோவில், அவரோடு நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம்?

பேசியது அவர் சொந்தக் கணக்கு அல்ல. பன்னில் கிரீம் வைப்பவன், பருப்பைப் பாக்கெட் போடுபவன், மிக்சரை எடை போடுபவன் எல்லோருடைய கணக்கும் அதில் இருந்தது. கூட்டு வியாபாரத்தில் லாபம் வந்தால் பங்கு கேட்போம். நஷ்டம் வந்தால் "எனக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியுமா? கைதட்டினவர் கூட்டாளி. சிரித்தவர் கைநாட்டு வைத்தவர். சொன்னவர் பெயரில் பற்று எழுதிவிட்டு, நாம் வரவை மட்டும் எடுத்துக்கொள்வது எந்தக் கணக்குச் சாஸ்திரத்திலும் இல்லை.

அந்த வீடியோவுக்குப் பிறகு நம் கூட்டங்களில் ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறேன். மைக்கை நீட்டினால் "எனக்கு எதுக்குங்க வம்பு" என்று அடுத்தவர் பக்கம் தள்ளுகிறார்கள். வரும் அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் வரிசை நிற்கிறது. வீடியோவினால் ஒரு ஓட்டல்காரருக்கு ஏற்பட்ட சங்கடத்தைவிட இது பெரிய நஷ்டம். ஒருவர் வாயை மூடினால் ஆயிரம் பேர் தாமாக மூடிக்கொள்கிறோம்.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு மே 5-ஆம் தேதியும் வணிகர் தினம் கொண்டாடுகிறோம். மத்தியில் இருந்தும் மாநிலத்தில் இருந்தும் பெரியவர்களை அழைக்கிறோம். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை என்று எத்தனையோ உரை வைக்கிறோம். அதில் பத்தே நிமிடம் "சிரிப்பு மனு" என்று ஒதுக்குங்கள். ஊருக்கு ஒரு வியாபாரி, கையில் ஒரு பில், அதிலுள்ள ஒரு முரண்பாடு, ஒரு கேலி. டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, நம் சங்கத்துக்கும் ஒன்று வேண்டும். (நம் சங்கத் தேர்தலைப் பற்றி எனக்கே நாலைந்து தெரியும். தலைவர் அனுமதித்தால் சொல்கிறேன்!)

சொல்லப்போவதை நிர்வாகக் குழு முன்கூட்டியே பார்க்கட்டும். பில் சரியா, எடை சரியா என்று சரிபார்த்துச் சங்கத்தின் பெயரிலேயே சொல்லட்டும். சொன்ன பிறகு யாராவது "வந்து பார்க்கச் சொன்னார்கள்" என்றால், பேசியவர் தனியாகப் போக வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர், கைதட்டின நூறு பேர் என எல்லோரும் சேர்ந்து போவோம். நூறு பேரை ஒரு அறைக்குள் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லும் அளவுக்குப் பெரிய அறை எந்த ஓட்டலிலும் கிடையாது. வீடியோ எடுத்தால் எடுக்கட்டும். அதிலும் நாம் சிரித்துக்கொண்டே இருப்போம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!